விருது பெற்ற சிறுவர் நூல்கள்: நூலகப் பொறுப்பைப் புதிதாக ஏற்ற ஆசிரியருக்கு

நூலகப் பொறுப்பு கைக்கு வந்ததும் அதிபர் தரும் முதல் வேலை அனேகமாகப் புத்தகப் பட்டியல்தான். "பழைய மாணவர் சங்கம் கொஞ்சக் காசு தருது டீச்சர், விருது எடுத்த நல்ல புத்தகமாப் பார்த்து எழுதித் தாங்கோ" என்பார். கேட்க லேசான வேலை. இணையத்தில் தேடினால் பட்டியல்கள் கொட்டும். அதில் ஒன்றைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் பெட்டி வரும், புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் ஏறும், பிறகு அங்கேயே இருக்கும். நம் திருகோணமலை மாவட்டத்தில் இப்படி மெருகு குலையாமல் இருக்கும் அலுமாரிகள் பல.

விருது என்பது ஒரு நாட்டில், ஒரு குழு, குறிப்பிட்ட வயதுப் பிள்ளையை மனதில் வைத்து எடுத்த முடிவு. அந்தப் பிள்ளைக்கும் குச்சவெளியில் தரம் 7 படிக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்ப்பதுதான் உங்கள் வேலை. அதை எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

பட்டியல் எழுதுவதற்கு முன் இரவல் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கடந்த வருடம் எந்தப் புத்தகம் அடிக்கடி வெளியே போயிருக்கிறது, எந்தத் தரத்துப் பிள்ளைகள் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பதிவேடு ஒழுங்காக இல்லாவிட்டால் புத்தகத்தின் முதுகைப் பார்த்தாலே போதும். மூலை மழுங்கி, அட்டை கழன்று, செலோடேப் மேல் செலோடேப் ஒட்டியிருப்பவைதான் வாசிக்கப்பட்டவை. அவை என்ன வகை என்று எழுதிவையுங்கள். பேய்க்கதையா, விலங்குக் கதையா, துப்பறியும் கதையா, படக்கதையா? புதிதாக வாங்கப்போவதற்கு அதுதான் அளவுகோல்.

அப்படியே நன்கொடைப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். சுனாமிக்குப் பின்னும் யுத்தம் முடிந்த பின்னும் வெளிநாட்டு நிறுவனங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் அனுப்பிய ஆங்கிலச் சிறுவர் நூல்கள் பல பாடசாலைகளில் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. முன்னட்டையில் வட்டமாகப் பொன் நிற முத்திரையோ வெள்ளி நிற முத்திரையோ இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். காசு கொடுத்து வாங்க நினைத்த புத்தகம் உங்கள் அறையிலேயே இருக்கலாம்.

அந்த முத்திரைகள் சொல்வது என்ன

அமெரிக்க நூலகச் சங்கம் வழங்கும் விருதுகள்தான் அதிகம் கண்ணில் படும். 1922இல் தொடங்கிய நியூபெரி பதக்கம் எழுத்துக்கு உரியது. 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான நூல்களுக்குக் கொடுப்பார்கள். 1938இல் தொடங்கிய கால்டெகொட் பதக்கம் படக்கதை நூலின் ஓவியருக்குப் போகும். பொன் முத்திரை என்றால் அந்த வருடத்தின் பதக்கம். வெள்ளி என்றால் அதற்கு அடுத்த நிலையில் பாராட்டப்பட்ட நூல். இரண்டு விருதுக்கும் அமெரிக்கக் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் மட்டுமே தகுதியானவர்கள். ஆகவே "உலகின் மிகச் சிறந்த சிறுவர் நூல்" என்று எவரேனும் நியூபெரி நூலை விற்க வந்தால் அதை அமெரிக்காவின் அந்த வருடத் தெரிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதினருக்கான பிரின்ட்ஸ் விருதையும் அதே சங்கம் 2000 முதல் வழங்குகிறது. அது 12 முதல் 18 வயது வரையானோருக்கு. அதில் கனமான விடயங்கள் தாராளமாக வரும். சாதாரண தரத்துக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் யோசிக்காமல் கொடுக்க முடியாது.

பிரித்தானியாவின் கார்னகி பதக்கம் 1936இல் தொடங்கியது. அங்கே நடுவர்கள் நூலகர்கள்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருதைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். சர்வதேசச் சிறுவர் நூல் சபை 1956 முதல் எழுத்தாளர்களுக்கும் 1966 முதல் ஓவியர்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வழங்கும் விருது அது. வாழ்நாள் பங்களிப்புக்கானது, தனியொரு நூலுக்குக் கிடைப்பதில்லை. சுவீடன் அரசு 2002இல் ஏற்படுத்திய அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் நினைவு விருதும் அப்படியே. வாசிப்பை வளர்க்கும் அமைப்புகளுக்குக்கூட அது போயிருக்கிறது. அட்டையில் இந்தப் பெயர்களைக் கண்டால் எழுத்தாளர் நல்லவர் என்று நம்பலாம். கையில் இருக்கும் அந்தப் புத்தகம் அவருடைய நல்ல புத்தகமா என்பதை வாசித்துத்தான் அறிய வேண்டும்.

தமிழ் விருதுகள்

நம் பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியமான பகுதி. பட்டியலில் பாதிக்கு மேல் தமிழ் நூல்களாக இருக்கட்டும்.

இந்தியாவின் சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனியாக பால சாகித்திய புரஸ்கார் விருதை வழங்கிவருகிறது. தமிழுக்கும் உண்டு. சில வருடங்களில் அதுவும் மொத்தப் பங்களிப்புக்காகக் கொடுக்கப்பட்டிருப்பதால், நூலின் பெயரையும் வருடத்தையும் சேர்த்தே சரிபாருங்கள். தொடங்குவதற்குச் சில: 2014இல் இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்', 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2021இல் மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2024இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. சிறு புத்தகங்கள், தரம் 6 முதல் 9 வரை தைரியமாக நீட்டலாம்; 'மரப்பாச்சி'க்கு மட்டும் ஒரு முன்னேற்பாடு வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

இலங்கையில் செப்டெம்பர் இலக்கிய மாதம். அரச இலக்கிய விருது விழாவில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழி நூல்களுக்கும் பரிசு உண்டு. சிறுவர் இலக்கியமும் அதில் ஒரு பிரிவு. கிழக்கு மாகாணத்துக்கும் தனி இலக்கிய விழா இருக்கிறது. மாகாண அலுவலகங்கள் எல்லாம் நம் ஊரிலேயே இருப்பதால் பரிசு பெற்ற நூல்களின் பட்டியலைப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கொழும்புப் பாடசாலைக்கு இல்லாத வசதி இது, பயன்படுத்துங்கள்.

நம் மண்ணின் எழுத்தாளர்களைப் பட்டியலின் தலைப்பில் போடச் சொல்வேன். ஆலங்கேணியைச் சேர்ந்த கேணிப்பித்தன் ச. அருளானந்தமும் மட்டக்களப்பின் ஓ. கே. குணநாதனும் சிறுவருக்காக நிறைய எழுதியவர்கள். இந்தியத் தமிழ்க் கதையில் வரும் ரயில் நிலையமும் ஆட்டோவும் பிள்ளைக்குப் புரியாமல் போகாது. ஆனாலும் கதைக்குள் வள்ளமும் களப்பும் கச்சான் காற்றும் வரும்போது பிள்ளையின் முகமே வேறு. கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் வேண்டும்: தங்கள் வீட்டுப் பெயர்கள், நோன்பும் பெருநாளும் இயல்பாக வரும் கதைகள். விருதுப் பட்டியல்களில் இவை அரிது. இங்குள்ள முஸ்லிம் எழுத்தாளர்களின் சிறுவர் நூல்களைத் தேடிச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

இங்கே சிறுவர் நூலுக்கு விருது என்ற ஏற்பாடே இல்லாத காலத்தில் எழுதிய நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுகளை விருது இல்லை என்று விட்டுவிட முடியுமா? பட்டியலில் மூன்றிலொரு பங்கு விருதில்லாத நூல்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அதிபர் கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், மறுபேச்சு வராது.

ஆங்கிலத்தில் எவை ஓடும்

நேர்மையாகச் சொன்னால், ஆங்கில நாவலைத் தானாக எடுத்து முடிக்கும் பிள்ளைகள் ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதற்காக ஆங்கில விருது நூல்களே வேண்டாம் என்று ஒதுக்கவும் தேவையில்லை. சொற்களே இல்லாத படக்கதை நூல்களிலிருந்து தொடங்குங்கள்.

டேவிட் வீஸ்னரின் 'ஃப்ளொட்சம்' 2007இல் கால்டெகொட் பதக்கம் பெற்றது. முழுப் புத்தகத்திலும் கதை சொல்ல ஒரு வரி எழுத்துக் கிடையாது. கடற்கரையில் பூதக்கண்ணாடியோடு நண்டு பார்த்துக்கொண்டிருக்கும் பையனை அலை புரட்டிப் போடுகிறது. பக்கத்தில் ஒரு பழைய நீருக்கடிக் கமெரா ஒதுங்கிக் கிடக்கிறது. பிலிம் சுருளைக் கழுவக் கொடுத்துப் படம் எடுத்தால் கடலுக்கடியில் யாரும் காணாத காட்சிகள். கடைசிப் படத்தில் ஒரு சிறுமி, அவள் கையில் ஒரு படம், அந்தப் படத்திலும் ஒரு பிள்ளை கையில் படத்தோடு. பூதக்கண்ணாடியால் பார்த்து, பிறகு நுணுக்குக்காட்டியால் பார்த்து உள்ளே உள்ளே போகிறான். தானும் அந்தப் படத்தைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துவிட்டுக் கமெராவைக் கடலுக்கே திருப்பி எறிகிறான். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வளரும் பிள்ளைக்கு இதை விளக்க ஆசிரியர் தேவையில்லை. தரம் 4 பிள்ளையும் உயர்தரப் பிள்ளையும் ஒரே மேசையில் குனிந்து பார்க்கக்கூடிய நூல். "கடைசியாகக் கமெரா எந்தக் கரைக்குப் போகும்?" என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னால் தமிழ்ப் பாடத்துக்கும் ஆகும். ஜெரி பிங்க்னியின் சிங்கமும் எலியும் கதை (2010இன் கால்டெகொட்) இதே வகை. சத்தங்களைத் தவிர எழுத்து இல்லை.

அடுத்த படி சித்திர நாவல். 2020இல் ஜெரி கிராஃப்டின் 'நியூ கிட்' நியூபெரி பதக்கம் பெற்றது. அந்தப் பதக்கம் ஒரு சித்திர நாவலுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. "கொமிக்ஸ் எல்லாம் வாசிப்பா?" என்று கேட்கும் சக ஆசிரியர் எல்லாப் பாடசாலையிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு இந்தத் தகவலைச் சொல்லுங்கள்.

நாவல் என்றால் மெல்லியதாகப் பாருங்கள். லொயிஸ் லோரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்' (1990, நியூபெரி) ஆங்கிலம் எளிது, பக்கமும் குறைவு. 1943இல் டென்மார்க்கில் தன் யூதத் தோழியைக் காப்பாற்றும் சிறுமியின் கதை. வீட்டுச் சோதனையும் படகில் தப்பிப் போவதும் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு இது வெறும் ஐரோப்பியச் சரித்திரமாக இருக்காது; தாய் தகப்பனிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதையின் சாயலும் இருக்கும். தரம் 10இல் கொடுக்கலாம். கொடுத்த பிறகு பேச நேரம் ஒதுக்குங்கள்.

வாங்கும் முன் நீங்களே வாசியுங்கள்

இதைத் தவிர்க்கக் குறுக்கு வழி இல்லை. நீல் கேமனின் 'த கிரேவ்யார்ட் புக்' 2009இல் நியூபெரியும் 2010இல் கார்னகியும் வாங்கிய நூல். இரண்டு நாட்டிலும் பதக்கம், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று நினைப்போம். ஒரு குடும்பமே கொல்லப்பட்டுக் குழந்தை மட்டும் தப்பி இடுகாட்டுக்குப் போய்ச் சேர்வதில்தான் கதை தொடங்குகிறது. எனக்குப் பிடித்த நூல்தான். ஆனால் தரம் 6 பிள்ளையிடம், அதுவும் வீட்டில் இழப்பைக் கண்ட பிள்ளையிடம், முதல் அத்தியாயத்தை வாசிக்காமல் நீட்டக் கூடாது. கடல் ஆட்களைக் கொண்டுபோகும் கதைகளுக்கும் நம் கரையோரப் பாடசாலைகளில் இதே கவனம் தேவை.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வேறு மாதிரி. பிள்ளைகள் மீதான பாலியல் தொந்தரவைப் பற்றிப் பிள்ளைகளின் மொழியிலேயே, பயமுறுத்தாமல் பேசும் நூல் அது. "இதெல்லாம் பாடசாலையில் வேண்டுமா" என்று சிலர் தயங்குவார்கள். வேண்டும் என்பேன். நூலகத்தில் வைப்பதற்கு முன் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிள்ளை யாரிடமாவது எதையாவது சொல்ல வந்தால் கேட்க ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

வாங்குவது

காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். அரச நிதி என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடசாலை நூலகத்துக்கு அங்கீகரித்த நூலா என்று கேட்பார்கள். அந்த அங்கீகாரம் உள்ளூர் நூல்களின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கும். விலைமனு கோரும் நடைமுறையையும் வலயக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சங்கக் காசு, நன்கொடைக் காசு என்றால் கொஞ்சம் தாராளமாகத் தெரிவு செய்யலாம். பற்றுச்சீட்டு மட்டும் கட்டாயம்.

இந்தியத் தமிழ் நூல்களுக்குக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பூபாலசிங்கம் போன்ற புத்தகசாலைகளில் சொல்லி வைத்தால் எடுப்பித்துத் தருவார்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்கு ஊரிலிருந்து யாராவது போவார்கள். பட்டியலைக் கொடுத்து விடுங்கள். பட்டியலில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் அதே பெயரில் வேறொன்று வந்து சேரும். உள்ளூர் நூல்களை எழுத்தாளரிடமே நேரில் வாங்குவது நல்லது. அவர்கள் சில நூறு பிரதிதான் அடித்திருப்பார்கள், கடைக்கு வராமலே தீர்ந்துவிடும். கையோடு பாடசாலைக்கு அழைத்தும் விடலாம்.

காசே இல்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களை விடாமல் அச்சடித்துத் தைத்து வைக்கலாம். பழைய ஈழத்துச் சிறுவர் நூல்களை 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். விருது பெற்ற புதிய நூலை போட்டோகொப்பி கடையில் கொடுத்து முழுதாகப் பிரதி எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தச் சில நூறு பிரதிகளும் விற்காமல் போனால் அடுத்த நூலை எழுதுபவர் எழுதமாட்டார்.

பதிவும் பராமரிப்பும்

வந்த அன்றே சேர்விலக்கம் போட்டு முத்திரை குத்துங்கள். பதிவேட்டில் குறிப்பு என்ற நிரலில் விருதின் பெயரையும் வருடத்தையும் எழுதுங்கள். அடுத்து வரும் பொறுப்பாசிரியருக்கு உதவும். நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்றாலும் சிறுவர் பகுதியில் எண்ணைவிட நிறம் வேலை செய்யும். முதுகின் அடியில் ஆரம்பப் பிரிவுக்குப் பச்சை, இடைநிலைக்கு மஞ்சள், மேல் வகுப்புக்குச் சிவப்பு என்று ஒட்டுங்கள். விருது நூல்களுக்கென்று தனி றாக்கை வேண்டாம். அங்கே போகக் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் துணிவார்கள்.

கடற்காற்று புத்தகத்துக்கு எதிரி. படக்கதை நூல்களில் நடுவில் அடித்திருக்கும் கம்பிப் பின்கள் சீக்கிரமே துருவேறி, தாளைத் தின்று, நடுப்பக்கத்தைக் கழற்றிவிடும். புதிதாக வந்தவுடனேயே பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகள் வழியே மெழுகு பூசிய தடித்த நூலால் தைத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் ஆகாது. மேல் வகுப்புப் பிள்ளைகளே செய்வார்கள். மாரி தொடங்குமுன் றாக்கைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். நனைந்த புத்தகத்தை வெயிலில் விரிக்காதீர்கள், தாள் முறுகிவிடும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, பக்கங்களுக்கிடையில் வெள்ளைக் கடதாசி வைத்து உலர்த்துங்கள்.

வெளியே அனுப்புவது

அலுமாரி பூட்டியே இருப்பதற்குச் சோம்பல் காரணம் இல்லை, பயம்தான். வருட இறுதிக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர் தலையில் விழும் என்ற பயம். அதை முதல் தவணையிலேயே அதிபரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கிழிந்ததையும் தேய்ந்ததையும் பதிவழிக்க ஒரு நடைமுறை இருக்கிறது. அதை எழுத்தில் வைத்துக்கொண்டால் துணிந்து இரவல் கொடுக்கலாம். தொலைத்த பிள்ளையிடம் தண்டம் கேட்காதீர்கள். தண்டம் என்று கேள்விப்பட்டால் அந்தப் பிள்ளையும், அதைக் கண்ட மற்றப் பிள்ளைகளும் பிறகு நூலகப் பக்கமே வரமாட்டார்கள். பதிலுக்கு ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

ஒக்டோபர் வாசிப்பு மாதம். வழக்கமாகப் பேச்சுப் போட்டியும் பதாகையும் பேரணியுமாக முடிந்துவிடும். இந்த முறை வேறொன்று செய்து பாருங்கள். பிரித்தானியாவில் கார்னகிக் குறும்பட்டியல் வெளியானதும் பாடசாலைப் பிள்ளைகள் குழுக்களாகச் சேர்ந்து அதே நூல்களை வாசித்து, நடுவர்கள் ஒருபக்கம் தெரிவு செய்ய, தாங்களும் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். நாமும் செய்யலாம். ஓகஸ்ட் இறுதியில் ஆறு நூல்களை எடுங்கள். நான்கு விருது பெற்றவை, இரண்டு பெறாதவை. எவை எவை என்று சொல்ல வேண்டாம், முத்திரை இருந்தால் அதன் மேல் கடதாசி ஒட்டி மறைத்துவிடுங்கள். தரம் 7இலிருந்து 9 வரை விரும்பிய பிள்ளைகளை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். இடைவேளையிலும் நூலகப் பாடவேளையிலும் மாறி மாறி வாசிக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதட்டும்: எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்க மனம் வந்தது? யாரிடம் இதை வாசிக்கச் சொல்வாய்? "இக்கதையின் படிப்பினை யாது" என்று கேட்டீர்களோ, அது பரீட்சையாகிவிடும்.

ஒக்டோபர் கடைசி வாரத்தில் வாக்கெடுப்பு. கடதாசிச் சீட்டு, பெட்டி, எண்ணும்போது சுற்றி நிற்கப் பிள்ளைகள். முடிவை அறிவித்த பின்னர் எது எந்த விருது பெற்றது என்று சொல்லுங்கள். பெரிய பதக்கம் வாங்கியது கடைசியிலும், முகவரி தெரியாத உள்ளூர்ப் புத்தகம் முதலிலும் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் கொப்பிகளைச் சேர்த்து வையுங்கள். எந்தப் பக்கத்தில் பல பிள்ளைகள் நின்றுபோனார்கள், எந்த நூலை யார் யாருக்குச் சிபாரிசு செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த வருடத்துப் பட்டியலை அதிபர் கேட்கும்போது அதைப் பார்த்து எழுதுங்கள். வென்ற நூலில் இன்னும் மூன்று பிரதிகளையும் சேர்த்துக் கேளுங்கள்.